அடுக்கைக் குறைத்தாலே அகலம் வந்துவிடுமே? (13.5 நானோமீட்டர் ஆடி பற்றி ஒரு சந்தேகம்)

மார்ச் 3, மாலை – கேள்வி

13.5 நானோமீட்டர் புறஊதா ஒளியைத் திருப்பும் மாலிப்டினம்/சிலிக்கான் ஆடிக்கு இரண்டையும் மெல்லிய அடுக்குகளாக மாறி மாறி வைத்து 40, 50 ஜோடி போடுகிறார்கள். எதிரொளிப்பு 70 சதவீதத்தைத் தொடுகிறது, ஆனால் பட்டை அகலம் (ஆடி நன்றாகத் திருப்பும் அலைநீளங்களின் பரப்பு) அரை நானோமீட்டர்தான். அகலம் வேண்டுமென்றால் 10 ஜோடியோடு நிறுத்திவிடலாமே? ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு தடிமன் என்று கணினியை ராப்பகலாக ஓட்டுவது எதற்கு? கட்டுரை எழுதவா? தெரிந்த அண்ணன்கள் யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு

கட்டுரைக்காக இல்லை, தம்பி. 13.5 நானோமீட்டரில் மாலிப்டினத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 0.924, சிலிக்கானுக்கு 0.999. நேர்க்குத்தாக விழும் ஒளியில் ஓர் இடைப்பரப்பு திருப்பி அனுப்புவது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. 10 ஜோடி என்றால் 20 பரப்பு. மொத்தம் 3 சதவீதம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

மார்ச் 4, காலை

மேலே எழுதியது தப்பு. படுத்துக்கொண்டே போனில் தட்டியதன் பலன். இருபது வருடம் இதே வேலையில் இருந்தவன் செய்யக்கூடாத தப்பு, அதனால் அழிக்காமல் விட்டுவைக்கிறேன்.

பரப்புகள் திருப்புவதைச் செறிவாகக் கூட்டக்கூடாது, வீச்சாகக் கூட்ட வேண்டும். ஒரு ஜோடியின் தடிமனை அதற்காகத்தானே அலைநீளத்தில் பாதி என்று வைக்கிறோம்? எல்லாப் பரப்பிலிருந்தும் வருவது ஒரே தாளத்தில் வந்து சேர வேண்டும் என்பதற்காக. ஒரு பரப்பின் வீச்சு சுமார் 0.039. இருபதை ஒரே கட்டத்தில் சேர்த்து, உள்ளே போகப் போக ஒளி தேய்வதையும் கழித்தால் எதிரொளிப்பு 30 சதவீதத்தை ஒட்டி வரும். 3 இல்லை, 30. அகலமும் ஒரு நானோமீட்டரைத் தாண்டும், கிட்டத்தட்ட 1.2.

ஆக, கேட்டவர் பாதி சரி. மீதிப் பாதிக்கு மதியம் வருகிறேன்.

மார்ச் 4, மதியம்

ஒரு சின்னக் கணக்கு. 50 ஜோடிக்கு 0.69 உயரம், 0.52 அகலம், பெருக்கினால் 0.36. 10 ஜோடிக்கு 0.30 உயரம், 1.2 அகலம், அதுவும் 0.36. கையால் போட்ட கணக்குதான், இரண்டாம் தசமத்தை நம்பாதீர்கள். ஆனால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பது தற்செயல் இல்லை.

போர்வை ஒன்றுதான். தலைக்கு இழுத்தால் கால் வெளியே. அந்தப் போர்வையின் அளவை முடிவு செய்வது இரண்டு பொருளுக்கும் இடையே உள்ள வேறுபாடும் உட்கவர்தலும். நம் கெட்டிக்காரத்தனம் இல்லை. 13 முதல் 15 நானோமீட்டர் வரை தட்டையாக வேண்டும் என்று ஒருவர் வந்தால், 0.36ஐ 2ஆல் வகுத்து 18 சதவீதம், நன்றாகச் செய்தால் 20ஐ ஒட்டி, என்று கணினியைத் தொடும் முன்பே சொல்லிவிடலாம். யாராவது அந்தப் பட்டைக்கு 45 சதவீதம் என்று படம் போட்டுக் காட்டினால் அலகையோ அச்சையோ மறுபடி பாருங்கள்.

அப்படியானால் வடிவமைப்பு எதற்கு? 10 ஜோடியின் வளைவு மொட்டையான குன்று மாதிரி. நடுவில் 30, ஓரத்தில் 15. சில வேலைக்கு அது போதும். சில வேலைக்கு மேசை மாதிரி தட்டையாக வேண்டும். போர்வையின் பரப்பு மாறாது, அதன் வடிவத்தைத்தான் நாம் வெட்டித் தைக்கிறோம்.

மார்ச் 6

"அப்புறம் சிப் தயாரிப்பில் ஏன் 10 ஜோடி போடுவதில்லை?" என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு ஆடி இல்லை. சிப்பின் வடிவத்தைத் தாங்கும் திரைமூடியையும் (அதுவும் ஆடிதான்) சேர்த்து 11 முறை தெறிக்கிறது என்று வையுங்கள். 0.7ஐ 11 தடவை பெருக்கினால் சுமார் 2 சதவீதம். அந்த 2 சதவீதத்துக்காகத்தான் ஒளி உண்டாக்க நொடிக்கு 50,000 தகரத் துளியை லேசரால் சுடுகிறார்கள். 0.3ஐ 11 தடவை பெருக்குங்கள்: பத்து லட்சத்தில் இரண்டு பங்கு கூட வராது. அங்கே அகலம் பேசினால் துரத்திவிடுவார்கள்.

சூரியனைப் பார்ப்பவர்கள் கதை வேறு. 2006இல் ஏவப்பட்ட ஹினோடே செயற்கைக்கோளின் புறஊதா நிறமாலைமானி 17 முதல் 21, 25 முதல் 29 நானோமீட்டர் என்று இரண்டு பட்டைகளைப் பார்க்கிறது. ஆடியிலும் கீற்றணியிலும் பாதிக்கு ஒரு பூச்சு, மறுபாதிக்கு இன்னொன்று. இரண்டே தெறிப்பு. ஒற்றைக் கோடு வேண்டாம், இரும்பின் பல நிறமாலைக் கோடுகள் ஒரே நேரத்தில் வேண்டும். அவற்றின் விகிதத்திலிருந்துதான் அடர்த்தியும் வெப்பநிலையும். அங்கே உச்சத்தை விட அகலம் முக்கியம்.

எத்தனை தெறிப்பு, மூலம் ஒற்றை நிறமா பல நிறமா, இந்த இரண்டையும் சொல்லாமல் 'நல்ல ஆடி எது' என்று கேட்பது 'நல்ல செருப்பு எது' என்று கேட்பது மாதிரி.

மார்ச் 7

அகலம் என்றால் அலைநீளம் மட்டும் இல்லை, கோணமும்தான். நேர்க்குத்தில் 13.5க்குச் செய்த ஆடியில் 18 டிகிரி சாய்த்து விட்டால் உச்சம் 12.84க்கு நகரும் (18இன் கோசைன் 0.951, அவ்வளவுதான் கணக்கு, அடுக்குக்குள் ஒளி விலகுவதை விட்டுவிட்டேன்). 13.5 இப்போது வளைவுக்கு வெளியே நிற்கும். பெரிய துளையுள்ள ஒளியியலில் ஒரே ஆடியின் மேல் பல கோணங்கள் விழும். அதனால் ஒற்றை அலைநீளத்துக்காரர்களுக்கும் அகலப்பட்டை ஆடி தேவைப்படும். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 9

சரி, வடிவமைப்பு. எதிரொளிப்பைக் கணக்கிடுவது பாரட் 1954இல் எழுதிய மறுநிகழ்வுச் சூத்திரத்திலேயே இருக்கிறது: அடியிலிருந்து மேலே ஒவ்வொரு பரப்பாக ஏறி வர வேண்டும். பொருள்களின் எண்களைப் பெர்க்லி ஆய்வகப் பக்கத்திலிருந்து எடுக்கலாம். கஷ்டம் தலைகீழ்க் கேள்வியில்தான் இருக்கிறது: இந்த வளைவு வேண்டும், தடிமன்கள் என்ன?

நான் முதல் தடவை செய்தபோது இலக்கை 100 சதவீதம் என்று கொடுத்தேன். கூடுதலாகக் கேட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஒரு நினைப்பு. நிரல் இரவெல்லாம் ஓடி, இரண்டு கொம்புள்ள ஒரு வளைவைக் கொடுத்தது. நடுவில் பள்ளம். அதன் மேல் கோபம் வந்தது. அப்புறம்தான் புரிந்தது: அது சொன்னதைச் செய்திருக்கிறது. எட்டாத இலக்கு கொடுத்தால் எங்கே எளிதோ அங்கே போய்க் குவிக்கும். இலக்கை 20க்கு இறக்கினதும் ஒரு மணி நேரத்தில் மேசை வந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே கேட்பதையும் அளந்துதான் கேட்க வேண்டும்.

வரிசை: தடித்த ஜோடி மேலே, மெல்லியது கீழே. இது விதி.

மார்ச் 10

"விதி" என்று எழுதியதற்கு ஒருவர் தனியாக எழுதிக் கேட்டுவிட்டார். நியாயம். அது கடின எக்ஸ் கதிர் உலகத்து விதி, நான் பழக்கதோஷத்தில் இங்கே இழுத்துவிட்டேன்.

அங்கே காரணம் தெளிவு. குறைந்த ஆற்றல் கதிர் சீக்கிரம் உறிஞ்சப்படும். அதற்குத் தடித்த ஜோடி வேண்டும், அதனால் அதை மேலே வைக்கிறோம். கூடின ஆற்றல் ஊடுருவிப் போகும். அதற்கு மெல்லிய ஜோடி, அடியில் இருந்தாலும் நஷ்டமில்லை. நியூட்ரான்காரர்கள் இந்த யோசனையை முன்பே பிடித்துவிட்டார்கள். மெசேய் 1976இல் எழுதியது. எக்ஸ் கதிரில் அது நுஸ்டார் விண்வெளித் தொலைநோக்கியில் வேலை செய்கிறது (2012 ஜூனில் ஏவப்பட்டது). அதன் ஒவ்வோர் ஒளியியல் தொகுதியிலும் ஒன்றுக்குள் ஒன்றாக 133 ஓடுகள். உள்ளே 89இல் பிளாட்டினம்/கார்பன், வெளியே 44இல் டங்ஸ்டன்/சிலிக்கான். உள் ஓடுகளில் கதிர் இன்னும் சாய்வாக வருகிறது, அதனால் கூடின ஆற்றலை அவைதான் பிடிக்க முடியும். டங்ஸ்டனின் கே விளிம்பு (உட்கவர்தல் திடீரென்று கூடும் ஆற்றல்) 69.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது, பிளாட்டினத்துக்கு 78.4. தொலைநோக்கியின் மேல் எல்லை 79ஐ ஒட்டி நிற்பதற்கு இந்த விளிம்பும் ஒரு காரணம். தடிமன் வரிசையை மூன்றே எண்ணுள்ள ஒரு அடுக்குக்குறி விதியில் எழுதிவிடலாம்.

13 முதல் 15 நானோமீட்டரில் உட்கவர்தல் அவ்வளவு வித்தியாசப்படாது. மேலே எது கீழே எது என்பதில் எதிரொளிப்பு பெரிதாக மாறாது. கணினி கொடுக்கும் விடை பெரும்பாலும் ஏறியும் இறங்கியும் ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். நானே ஒரே மேசைக்கு மூன்று வெவ்வேறு அடுக்கு வரிசை எடுத்திருக்கிறேன். வளைவுகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் பிரித்துச் சொல்ல முடியாது.

மூன்றில் எதைச் செய்வது? இந்த இழையில் நான் சொல்ல வந்ததே அதுதான்.

மார்ச் 13, நீளமாக

நான் வேலை செய்த ஒரு பூச்சுக்கூடத்தில் (பெயர் வேண்டாம்) முதல் அகலப்பட்டை ஆடி. மாக்னெட்ரான் ஸ்பட்டரிங் (பொருளின் தகட்டை, அதாவது இலக்கை, அயனிகளால் அடித்து, தெறிக்கும் அணுக்களைப் படியவைப்பது). அதற்குமுன் 6.9 நானோமீட்டர் காலமுறை ஆடி (எல்லா ஜோடிக்கும் ஒரே தடிமன்) நூற்றுக்கணக்கில் போட்டவர்கள் நாங்கள். தடிமன் எப்படி வருகிறது? நேரத்தை வைத்துத்தான். மாதிரி இலக்கின் முன் இத்தனை நொடி நின்றால் இத்தனை தடிமன். 6.9க்கு நேரம் தெரியும், 5.5க்கு அதே விகிதத்தில் குறைத்தேன், 7.8க்குக் கூட்டினேன். மூன்றாம் வகுப்புக் கணக்கு.

ஆடி வந்தது. அளந்தோம். மேசை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முதுகுள்ள ஒட்டகம்.

இரண்டு வாரம் இலக்கின் தேய்மானத்தைச் சந்தேகப்பட்டோம், வாயு அழுத்தத்தைச் சந்தேகப்பட்டோம், வெற்றிடப் பம்பைக் கழற்றிக்கூடப் பார்த்தோம். விஷயம் எளிது. மாலிப்டினமும் சிலிக்கானும் தொட்ட இடத்தில் கலந்து சிலிசைடு ஆகின்றன. கலவை அடர்த்தி கூடினது, அதனால் தடிமன் சுருங்குகிறது. ஒவ்வொரு ஜோடிக்கும் இந்தச் சுருக்கம் கிட்டத்தட்ட நிலையான அளவு; அடுக்கு தடித்ததா மெல்லியதா என்று அது பார்ப்பதில்லை. ஜோடிக்கு 0.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் தடிமன் என்பது வேகம் பெருக்கல் நேரம், கழித்தல் 0.8. வெறும் விகிதத்தில் குறைத்தவன் 5.5 கேட்டால் 5.34தான் கிடைக்கும், 7.8 கேட்டால் 7.9. மெல்லியது இன்னும் மெல்லியதாகும், தடித்தது இன்னும் தடிக்கும். இரண்டும் நடுவை விட்டு ஓடுகின்றன. அதுதான் ஒட்டகம்.

காலமுறை ஆடியில் இந்தத் தப்பு தெரியவே தெரியாது. எல்லா ஜோடியும் ஒன்றே என்பதால் நேரத்தைக் கொஞ்சம் கூட்டினால் உச்சம் வந்து இடத்தில் உட்காரும். பல வருடம் சரியாகச் செய்கிறோம் என்று நினைத்திருந்தோம், ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சரியாக இருந்தோம்.

அதற்குப் பிறகு செய்த வேலை: 5, 6, 7, 8 நானோமீட்டர் என்று நான்கு காலமுறை ஆடி போட்டு, நேரத்துக்கு எதிராகத் தடிமனை வரைந்து, கோடு அச்சை எங்கே வெட்டுகிறது என்று பார்ப்பது. ஒரு வாரம் போகும். கூரை ஏறிக் கோழி பிடித்துவிட்டுத்தான் வைகுந்தம்.

மார்ச் 14

நேற்று விட்டுப்போனது: சிலிக்கான் மேல் மாலிப்டினம் விழும் பரப்பில் கலப்பு தடித்தது, மாலிப்டினம் மேல் சிலிக்கான் விழும் பரப்பில் மெல்லியது. இரண்டையும் ஒன்று என்று வைத்துக் கணக்குப் போட்டால் மேசை கொஞ்சம் சாயும். நடுவில் போரான் கார்பைடு ஒரு மெல்லிய தடுப்பு போடலாம். ஆனால் அகலப்பட்டைக்கு அது இன்னொரு தெரியாத எண்.

மாலிப்டினத்தைப் பற்றி இன்னொன்று. சுமார் 2 நானோமீட்டர் வரை அது படிகமில்லாமல் இருக்கிறது, தாண்டினால் படிகமாகிறது. அந்த வாசலில் அடர்த்தியும் பரப்பின் சொரசொரப்பும் மாறுகின்றன. கணினிக்கு இது தெரியாது. அதற்கு 1.9ம் 2.1ம் வெறும் எண்கள். நீங்கள்தான் மாலிப்டினத்துக்கு ஒரு கீழ்வரம்பு கட்டிவிட வேண்டும்.

மார்ச் 14, சற்றுக் கழித்து

சொரசொரப்பு எவ்வளவு பாதிக்கும் என்று கேட்டவருக்கு: 13.5இல் அரை நானோமீட்டர் சொரசொரப்பு இருந்தால் எதிரொளிப்பை 0.8ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். போர்வையில் ஐந்தில் ஒரு பங்கு எலி கடித்துவிட்டது.

மார்ச் 16

மார்ச் 10ஆம் தேதி "வரிசை முக்கியமில்லை" என்ற மாதிரி எழுதிவிட்டேன். ஒரு கூட்டம் இதைக் கேட்டால் அடிக்க வரும்: அட்டோநொடிக்காரர்கள் (ஃபெம்டோநொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அட்டோநொடி; அந்த அளவுக்குக் குறுகிய ஒளித்துடிப்போடு வேலை செய்பவர்கள்). 2023 இயற்பியல் நோபல் (அகோஸ்தினி, க்ராவுஸ், லுய்லியே) இந்தத் துறைக்குத்தான்.

அங்கே எத்தனை ஒளி திரும்பியது என்பதோடு எப்போது திரும்பியது என்பதும் வேண்டும். முதலில் அகலம்: காஸ் வடிவத் துடிப்பில் அகலத்தையும் (எலக்ட்ரான் வோல்ட்டில்) கால அளவையும் (ஃபெம்டோநொடியில்) பெருக்கினால் 1.8க்குக் கீழே போகாது. 13.5 நானோமீட்டரைச் சுற்றி அரை நானோமீட்டர் என்பது 3.4 எலக்ட்ரான் வோல்ட். அந்த ஆடியில் பட்டுத் திரும்பும் துடிப்பு 540 அட்டோநொடிக்குக் கீழே இருக்கவே முடியாது. நம் கேள்விக்காரரின் 10 ஜோடி ஆடி 220க்கு வரும்! 2008இல் கோல்யெல்மாகிஸ் குழு எட்டிய 80க்கு 23 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும்.

அகலம் இருந்தால் மட்டும் போதாது. நீள அலை அடுக்கின் ஆழத்திலிருந்தும் குட்டை அலை மேலிருந்தும் திரும்பினால், நீள அலை தாமதமாக வரும். வரிசையைத் தலைகீழாக்கினால் தாமதமும் தலைகீழ். மூலத்திலிருந்து வரும் துடிப்பே ஏற்கெனவே கொஞ்சம் இழுபட்டிருக்கும். அதற்கு எதிர்த் தாமதம் கொடுத்துச் சுருக்கவும் இந்த ஆடியையே பயன்படுத்தலாம். ஆகவே மார்ச் 10இல் சொன்ன மூன்று வரிசையும் கண்ணுக்கு ஒரே மேசை, கடிகாரத்துக்கு மூன்று வேறு ஆடி. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருத்திப் படியுங்கள்.

99.8 எலக்ட்ரான் வோல்ட்டில் சிலிக்கானின் எல் விளிம்பு. அதற்கு மேலே சிலிக்கான் ஒளியை விழுங்கும். 13.5 என்பது 92. எட்டு எலக்ட்ரான் வோல்ட் தள்ளி ஒரு சுவர். 23 வேண்டுமென்றால் ஒன்று சுவருக்கு இந்தப் பக்கமே நகர வேண்டும், இல்லை பொருளை மாற்ற வேண்டும்.

மார்ச் 19

அளப்பது பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும்.

காலமுறை ஆடியைத் தாமிரக் கதிரில் (0.154 நானோமீட்டர்) சாய்வாக வைத்து அளந்தால் பிராக் உச்சங்கள் வரிசையாக நிற்கும். இடைவெளியைப் பார்த்து ஜோடித் தடிமனை ஆங்ஸ்ட்ராமில் (0.1 நானோமீட்டர்) நூற்றில் ஒரு பங்கு வரை சொல்லலாம். அகலப்பட்டை ஆடியில் அந்த உச்சங்கள் கரைந்து போகும். நூறு தெரியாத தடிமன், ஒரே ஒரு குழப்பமான வளைவு. நிரல் பொருத்திக் காட்டும், அழகாகவே பொருத்தும், அந்தப் பொருத்தம் உண்மையா என்று அதற்கே தெரியாது.

அதனால் நான் செய்வது: அகலப்பட்டை ஆடி போடுவதற்கு முன்னும் பின்னும் அதே நாளில் ஒரு காலமுறை ஆடி. இரண்டின் தடிமனும் ஒன்றாக இருந்தால் நடுவில் வேகம் நகரவில்லை. அரை சதவீதம் நகர்ந்திருந்தால் வடிவமைப்பைக் குறை சொல்லாமல் இலக்கு தேய்ந்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்வது. இந்த இரண்டு காவல் ஆடிக்கும் ஒரு நாள் செலவாகும் என்று முணுமுணுத்தவர்கள், ஒட்டகத்துக்குப் பிறகு முணுமுணுப்பதில்லை.

மார்ச் 21

மூன்று வரிசையில் எதைச் செய்வது என்று கேட்டுவிட்டு பதிலே சொல்லாமல் பத்து நாள் ஓடிவிட்டது. அவ்வளவு நேரம் எடுத்ததற்கு நான் அங்கங்கே மேயப் போனதுதான் காரணம்.

ஒவ்வொரு வரிசையையும் எடுத்து, எல்லாத் தடிமனிலும் 0.05 நானோமீட்டர் அளவுக்குத் தாறுமாறாகப் பிழை சேர்த்து ஆயிரம் தடவை கணக்கிடுங்கள். ஒரு வரிசையின் மேசை 20இல் இருந்து 19, 21 என்று ஆடும். இன்னொன்று 14க்கும் 25க்கும் குதிக்கும். பிழை இல்லாதபோது இரண்டும் ஒன்று. ஆடாததைச் செய்யுங்கள். அது காகிதத்தில் அரை சதவீதம் குறைந்திருந்தாலும் சரி.

இன்னும் ஒரு படி மேலே போனால், தடிமன் மெதுவாக, வழவழப்பாக மாறும் வரிசைகளையே தேடலாம். கொஷெவ்னிகோவும் கூட்டாளிகளும் 2001இல் எக்ஸ் கதிர் ஆடிகளுக்கு அப்படி ஒரு முறை எழுதினார்கள். எனக்கு அதில் பிடித்தது கணிதம் இல்லை. பக்கத்துப் பக்கத்து அடுக்குகள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் இயந்திரம் திணறாது, மார்ச் 13இன் சுருக்கமும் மெதுவாகவே மாறும்.

மார்ச் 24

கேள்வி கேட்ட தம்பி தன் அடுக்கு வரிசையை அனுப்பியிருக்கிறார். 12.8 முதல் 14.2 வரை, 27 சதவீதம், 30 ஜோடி. போர்வைக் கணக்கில் 0.38. கொஞ்சம் ஆசைதான், ஆனால் சொரசொரப்பு சேர்க்காமல் ஓட்டியிருக்கிறார், அதனால் பொருந்துகிறது. சேர்த்தால் 22ஐ ஒட்டி வரும், மனம் உடையாதீர்கள்.

மேலிருந்து 23ஆவது மாலிப்டினம் 1.4 இருக்கிறது. அதற்கு அடுத்த சிலிக்கான் 6.1. கணினி அங்கே ஏதோ திருட்டுத்தனம் செய்திருக்கிறது. மாலிப்டினத்துக்கு 2.3 கீழ்வரம்பு கட்டி, அதே இடத்திலிருந்தே மறுபடி ஓட்டுங்கள். ஒரு சதவீதம் போகும், போகட்டும். அப்புறம் மேல் அடுக்கு சிலிக்கான் என்றால் காற்றில் வெளியே எடுத்ததும் 2 நானோமீட்டர் ஆக்சைடாகும், அதையும் வரிசையில் எழுதிவிட்டு அனுப்புங்கள்.